பேக்கப் வேற, ஆர்கைவ் வேற

போன மாசம் ஆடிட்டர் 4 வருஷத்துக்கு முந்தின இன்வாய்ஸ் ஒண்ணு கேட்டாங்க. பாஸ் உடனே "அதான் தினமும் பேக்கப் எடுக்குறோமே, எடுத்துக் குடும்மா"ன்னுட்டாரு. தேடிப் பாத்தா எங்க பேக்கப்ல கடைசி 30 நாள்தான் இருக்கு, அந்த ஃபோல்டரை எப்பவோ யாரோ இடம் பத்தலன்னு அழிச்சிருக்காங்க, அழிச்ச பிறகு மிச்சம் இருக்குறதோட காப்பிதானே பேக்கப்ல இருக்கும்! கடைசில கஸ்டமர்கிட்டயே கேட்டு காப்பி வாங்கினேன், அவ்ளோ சங்கடமா இருந்துச்சு.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல சின்ன கம்பெனி எங்களோடது, அட்மின், கணக்கு எல்லாம் நானும் ஒரு தம்பியும்தான். அன்னைக்கு நைட் எனக்கு நல்லா உறைச்ச விஷயம் இதுதான், வார்த்தைய குழப்பிக்கிட்டா வேலையும் குழம்பிடும். கம்ப்யூட்டர் படுத்துட்டா நேத்து இருந்த நெலமைக்குத் திரும்ப வைக்கிறது பேக்கப். வேலை முடிஞ்சும் பின்னாடி தேவைப்படும்னு தனியா, யாரும் கை வைக்காம, தேடினா கிடைக்கிற மாதிரி வச்சிருக்கிறது ஆர்கைவ். எங்ககிட்ட ரெண்டாவது இல்லவே இல்ல.

அதே மாதிரி டாக்குமென்ட், ரெக்கார்ட். ஒரு கொட்டேஷனை ஆறு தடவ மாத்துறோம், "ஃபைனல்", "ஃபைனல் 2", "லேட்டஸ்ட் ஃபைனல்"னு பேரு வச்சுக்கிட்டே போறோம், அதெல்லாம் டாக்குமென்ட். கஸ்டமர் கையெழுத்துப் போட்டு அனுப்பின பிறகு அது ரெக்கார்ட், இப்படித்தான் பேசி முடிச்சோம்ங்கிறதுக்கு சாட்சி, அதுல ஒரு புள்ளி கூட மாத்தக்கூடாது. மாத்தணும்னா புதுசா ஒண்ணு போடணும்.

எத்தன நாள் வைக்கணும்ங்கிறதுதான் ரிடென்ஷன். ஐஆர்ஏஎஸ், அதாவது சிங்கப்பூர் வரித்துறை, கணக்குக்கு குறைஞ்சது 5 வருஷம், அதையும் பில்லு தேதிலேருந்து எண்ணக்கூடாது, அந்த பில்லு எந்த வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு வருதோ அதுலேருந்து எண்ணணும். வேலையாளுங்க சம்பள ரெக்கார்டு வேற கணக்கு, இருக்குறவங்களுக்கு கடைசி 2 வருஷத்தோடது, வேலைய விட்டுப் போனவங்களோட அந்த கடைசி 2 வருஷ ரெக்கார்டை போன பிறகும் 1 வருஷம் வைக்கணும்.

அப்ப எல்லாத்தையும் காலத்துக்கும் வச்சுக்கலாமேன்னு தம்பி கேட்டான். அது முடியாதுப்பா. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கின காரணம் முடிஞ்சு, சட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ தேவையும் இல்லன்னா ஆளுங்க விவரத்த வச்சிருக்கக் கூடாது. இன்டர்வியூவுக்கு வந்துட்டுப் போனவங்களோட ஐசி (அடையாள அட்டை) காப்பி எங்க இரும்பு அலமாரில ஒரு கட்டு கிடக்கு, பாத்ததும் பக்குன்னு ஆச்சு. சட்டம் கேக்குற இடம், ஆளு இவர்தான்னு ரொம்ப உறுதியா காட்ட வேண்டிய இடம், இத விட்டா ஐசி காப்பி வாங்கவே கூடாதுன்னு 2019 செப்டம்பர் 1லேருந்தே இருக்கு. யாரோ நம்மள நம்பிக் குடுத்த பேப்பர் அது, அத குப்பைல போட்டாலும் தப்புதான். அரைச்சு, என்னைக்கு எத அழிச்சோம்னு எழுதி வைக்கிறதுதான் டிஸ்போசல், வெறும் டிலீட் இல்ல.

இப்போதைக்கு ஃபைல் பேருல தேதி, கஸ்டமர் பேரு, இன்வாய்ஸ் நம்பர் மூணும் இருக்கணும்னு சொல்லிட்டேன். ஒரு ஃபைலைப் பத்தின விவரத்த மெட்டாடேட்டான்னு பெருசா சொல்றாங்களே, எங்களுக்கு அதுல பாதி இதுலயே வந்துடுது. 2021 ஃபைலுங்கள்லேருந்து ஆரம்பிச்சு பேரு மாத்திட்டு வர்றோம், அந்த வருஷ மார்ச் வரைக்கும் முடிஞ்சிருக்கு. சனிக்கிழம அந்த அலமாரிய தொறக்கப் போறோம்.