இடது மரை

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்றில் எஜெக்டர் தண்டு இறுகிக்கிடந்தது. சுட்ட தோட்டாக்களின் உறைகளை வெளியே தள்ளும் தண்டு அது. பழுது பார்க்கும் மேசைக்கு நான் புதியவன். எந்தத் திருகானாலும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்று கை பழகியிருந்தது. திருப்பினேன், அசையவில்லை. குறட்டால் பிடித்து முழு பலத்தையும் காட்டினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "என்னப்பா, கழற்றுகிறாயா, இறுக்குகிறாயா?"

அந்த நிறுவனத்தின் ரிவால்வர்களில், தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர், பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழலும். வலது மரை வெட்டிய தண்டு அந்தச் சுழற்சியில் தானாகவே தளர்ந்துபோகும் என்பதால், 1960-களின் தொடக்கத்தில் இடது மரைக்கு மாறினார்கள். பழையது ஒரு பக்கம் கழலும், புதியது மறுபக்கம். மரை கழன்றவன் என்று யாரையாவது சொல்லும்போதெல்லாம், கழலாத மரையோடு மல்லுக்கு நின்ற அந்த நாள்தான் என் நினைவுக்கு வருகிறது.

சரியான முறையை அவரே செய்து காட்டினார். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். சுட்டு முடித்த காலி உறைகளைச் சிலிண்டர் அறைகளில் செருகினார். திருப்பும் விசை, உறைகளின் விளிம்பைப் பிடித்துத் தூக்கும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் மேல் விழாமல் அந்த உறைகள் தாங்கிக்கொள்ளும். தண்டில் தோலைச் சுற்றி, கை டிரில்லின் வாயில் கவ்வவைத்து, சிலிண்டரைக் கையால் திருப்பினார். ஒரு சின்னச் சொடுக்கு, கழன்றுவிட்டது.

ரிவால்வரின் உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் பக்கத் தகட்டில் இன்னும் மோசமான காயங்களைப் பார்த்திருக்கிறேன். திருகுகளை எடுத்தபிறகும் தகடு வராது. அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருப்பார்கள். உடனே திருப்புளியை விளிம்பில் செருகி நெம்புவார்கள். நெம்பிய விளிம்பு பிறகு ஒருபோதும் முன்போல் உட்காராது. செய்ய வேண்டியது வேறு. கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, தகடு மேலே பார்க்கும்படி ரிவால்வரைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சட்டத்தைச் சுத்தியலின் மரக் காம்பால் தட்ட வேண்டும். தகட்டைத் தொடவே கூடாது. அதிர்வில் அது தானாக மேலே எழும்பும். பத்துத் தட்டில் வராவிட்டால் முப்பது தட்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல் இருக்கும்.

திருகுகளுக்குக் கடையில் வாங்கிய திருப்புளி பெரும்பாலும் பொருந்துவதில்லை. அதன் நுனி ஆப்புபோலச் சரிந்திருப்பதால் பள்ளத்திலிருந்து மேலேறி வழுக்கும். நுனியின் இரு பக்கமும் இணையாக இருக்கும்படி நானே அரைத்துக்கொள்கிறேன். பள்ளத்தில் உட்காரவைத்து மேலிருந்து லேசாகத் தட்டினால் துருவின் பிடி விடும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து ஒரு துளி விட்டு, இரவு முழுக்க விட்டுவிடுவதும் உண்டு. அசிட்டோன் மரக் கைப்பிடியின் வார்னிஷைத் தின்றுவிடும் என்பதால் கட்டைகளை முதலில் கழற்றிவிட வேண்டும்.

ஆனால் எல்லாப் பிடிவாதமும் துரு இல்லை. கருமருந்து ரிவால்வரில் சிலிண்டர் சுழலும் அச்சான ஊசி, சுட்டபின் படியும் கசடில் சிக்கினால் எண்ணெய் ஊற்றிப் பெரிதாகப் பயன் இல்லை. அந்தக் கசடில் பெரும்பகுதி உப்பு. அது வெந்நீருக்குத்தான் கரையும். பிறகு உடனே துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் துருவை நாமே அழைத்துவந்ததாகிவிடும். யாரோ திருகில் பசை போட்டு இறுக்கியிருந்தால் சூடுதான் வழி. அதற்கு ஊது விளக்கை எடுத்தவர்களின் கைவண்ணத்தையும் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் எஃகு நீலம் பாயத் தொடங்கும். அந்த அளவு சூட்டில் ஸ்பிரிங்குகளின் பதமும் கெட்டுவிடலாம். நான் சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் மட்டும் வைத்துக் காத்திருப்பேன்.

குறட்டின் பல் பதிந்த அந்தத் தண்டுக்குப் பதிலாக வேறு தண்டு போட்டோம். பழையது இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது. மேசை இடுக்கில் உருண்டுபோன திருகுகளைக் கிளறி எடுக்க அதைவிட வாகான கம்பி என்னிடம் இல்லை.