மதிலுக்கு உள்ளே ஒரு கோயில், வெளியே ஒரு கோயில்

பழைய மாதா கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாந்தோம், பரங்கிமலை என்று தெற்கே போய்விடுகிறார்கள். வடசென்னைக்காரனான எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு காலத்தில் பட்டணத்து மதிலுக்கு வெளியே குப்பமாக இருந்த ராயபுரத்தில் படகுக்காரர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. அதைப் பாரிமுனையில் இருந்து நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் அரண்மனைக்காரத் தெரு. அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நெரியும். பக்கத்திலேயே ஆர்மீனியர் கோயில். இப்போது நிற்பது 1772-இல் கட்டியது. காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கதவு சாத்தியிருக்கும். முற்றமெங்கும் தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள். குனிந்து பார்த்தால் வளைவும் கொக்கியுமாக ஆர்மீனிய எழுத்து, பல இடங்களில் கால்பட்டுத் தேய்ந்துவிட்டது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வியாபாரத்துக்கு வந்து செழித்த ஒரு சமூகத்தின் கோயில் இது. இன்று வழிபட அவர்கள் ஊரில் இல்லை. பராமரிப்பைக் கல்கத்தா ஆர்மீனியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் தங்கசாலைத் தெரு வழியே வடக்கே நடந்து, கிழக்கே திரும்பினால் மாடிப் பூங்கா. 1758-59-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டுப் போன பிறகு பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் எஞ்சிய துண்டு அது. அந்த மதிலைத் தாண்டியதும் ராயபுரம்.

இயேசுவின் சீடர் பேதுருவைத்தான் இங்கே இராயப்பர் என்பார்கள். அந்தப் படகுக்காரர்கள் கட்டிய இராயப்பர் கோயில் 1829-இல் எழுந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் மசூலா படகில் ஏறி, அலையைக் கடந்துதான் கரை சேர வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் அலை அடிக்கிற அடிக்கு ஆணி அடித்த பலகை பிளந்துவிடும். தைத்த பலகை வளைந்து கொடுக்கும். நாள் முழுக்க அதில் துடுப்புப் போட்டவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் எழுப்பிய கோயில் இது.

நான் போனபோது பூசை முடிந்திருந்தது. மீன்கூடையை வாசலோரம் இறக்கி வைத்த ஓர் அம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவரிடம், "ஐயா, இது வெள்ளைக்காரங்க கட்டினதுன்னு நினைச்சேன்" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"யாரு சொன்னா? எங்க ஆளுங்க துடுப்பு வலிச்ச காசு தம்பி, ஒவ்வொரு கல்லும்."

அரண்மனைக்காரத் தெருவில் அடங்கியிருக்கிற வியாபாரிகளின் சரக்கும் இப்படிப்பட்ட படகுக்காரர்கள் தோள் கொடுத்துத்தான் கரையேறியது. அந்தக் கடல் வணிகத்தின் லாபம் மதிலுக்கு உள்ளே ஒரு கோயிலானது, கூலி வெளியே ஒரு கோயிலானது. வியாபாரிகளின் பேர் கல்லில் இருக்கிறது. படகுக்காரர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் அவர்களுடைய கோயிலில் இன்றைக்கும் சனம் நிறைகிறது. எனக்கு இதுதான் பெரிது.

ஜூன் 29 இராயப்பர் திருநாள். அதையொட்டி வந்தால் தெருவே களைகட்டியிருக்கும். கையோடு 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தையும் பார்த்துவிடலாம், நடக்கிற தூரம்தான்.