தலைப்பாகை மட்டும்தானா? வேலூர் 1806

ஜூலை 4

மாலை வகுப்பில் குரூப் தேர்வுப் பிள்ளைகளுக்கு வேலூர்ப் புரட்சி எடுத்தேன். 1806இல் வேலூர்க் கோட்டையில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) இந்தியச் சிப்பாய்கள் எழுந்த கதை. கைடில் ஒரே வரிதான்: உடனடிக் காரணம், அக்னியூ தலைப்பாகை (அக்னியூ என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்தது). ஒரு பெண் எழுந்து, "சார், தொப்பி பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்ச் சுடணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைடு எழுதியவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே என்றுதான் இருந்தது.

ஜூலை 5

முதலில், தலைப்பாகையைக் கொண்டுவந்த அந்தச் சீருடை உத்தரவையே பார்க்கலாம். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். இது போதாதென்று தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. பார்ப்பதற்கு அது வெள்ளைக்காரர்கள் போடும் தொப்பி போலவே இருந்தது. தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற பேச்சு வேறு கிளம்பியது. இதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் மதம் மாறிவிட்டான் என்பார்கள், சொந்தக்காரன் பந்தியில் சேர்க்க மாட்டான் என்று பயம். நெற்றிக்குறி போனால் இந்துவுக்கு வலிக்கும், தாடி போனால் முஸ்லிமுக்கு வலிக்கும். இரண்டு பேரையும் ஒரே காகிதத்தில் சீண்டியதுதான் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் சாதனை.

சரி, வேலையை விடுவது? அதற்கு முன்னால் அவர்கள் சொல்லித்தான் பார்த்தார்கள். 1806 மே மாதமே வேலூரில் ஒரு பிரிவினர் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்று மறுத்தார்கள். பிடித்துச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து, படையிலிருந்தும் நீக்கினார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். வாயால் சொல்கிற வழி அத்தோடு அடைபட்டது.

விட்டுவிட்டு எங்கே போவது என்பது இன்னும் பெரிய கேள்வி. முப்பது வருஷம் முந்தியிருந்தால் கும்பினி பிடிக்காத சிப்பாய் ஹைதர் அலியிடம் போகலாம், நவாபிடம் போகலாம், ஏதாவது பாளையக்காரரிடம் சேரலாம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் கர்நாடக நவாபின் ஆட்சியும் கும்பினி கைக்குப் போனது. துப்பாக்கி பிடித்துப் பிழைக்கிறவனுக்குத் தெற்கே மிஞ்சியது ஏறக்குறைய ஒரே முதலாளி. என்னைக் கேட்டால் இதுதான் அடிக்காரணம். இது எந்த கைடிலும் இல்லை.

ஜூலை 8

முஸ்தபா பெக் கதையைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜூன் மாதமே இந்தச் சிப்பாய் தன் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளிடம். அவர்களில் பலர் சதியிலேயே இருந்தவர்கள். "இவன் பைத்தியம்" என்று சொல்லி விலங்கு மாட்டி அடைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கும்பினி அவனுக்குப் பெரிய வெகுமதி கொடுத்தது.

ஜூலை 10

காலையில் மக்கான் பக்கத்து நினைவுத் தூணுக்கு மாலை போட்டார்கள். கூட்டம் கலைந்ததும் கோட்டைக்குள் போய் அகழியோரம் கொஞ்ச நேரம் நடந்தேன்.

ஏன் என்பது ஒரு கணக்கு, எப்படி என்பது வேறு கணக்கு. குடும்பம் உள்ள சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தங்குவார்கள். ஜூலை 10 விடியற்காலையில் அணிவகுப்புப் பயிற்சி என்று கும்பினியே அறிவித்ததால், முந்தின இரவு பெரும்பாலோர் உள்ளேயே படுக்க வேண்டியதாயிற்று. திப்புவின் குடும்பத்தை இந்தக் கோட்டை அரண்மனையில்தான் வைத்திருந்தார்கள். 9ஆம் தேதி அவருடைய மகளுக்குக் கல்யாணம், அந்தச் சாக்கில் ஆள் நடமாட்டமும் அதிகம். கோபக்காரர்கள், ஆயுதங்கள், ஓர் அரச குடும்பம், மூன்றையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது கும்பினிதான்.

இரவு இரண்டு மணிக்குச் சுடத் தொடங்கினார்கள். 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் தூக்கத்திலேயே. கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட்டும் செத்தார். விடியும்போது மைசூர்க் கொடி ஏறியது, திப்புவின் மகன் ஃபதே ஹைதர்தான் மன்னர் என்று அறிவித்தார்கள்.

அப்புறம்? அப்புறம் என்ன செய்வது என்ற திட்டம் இல்லை. எந்த இளவரசரும் முன்னால் வந்து தலைமை ஏற்கவில்லை. கொள்ளையில் நேரம் போனது. மதில்மேல் ஒதுங்கிய அறுபது வெள்ளையர்களை முடிக்கவும் இல்லை. வெளியே இருந்த ஓர் அதிகாரி பதினாறு மைல் தள்ளி ஆற்காட்டில் இருந்த குதிரைப்படைக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அந்தப் படையின் தளபதி ஜில்லெஸ்பி கிடைத்த சிலரோடு முன்னால் பாய்ந்து வந்து, கயிற்றைப் பிடித்து மதிலேறினார். பின்னால் வந்த பீரங்கி கதவைத் தகர்த்தது. அரண்மனைக்குள் புகுந்திருந்த நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்கள் 350 என்றும் சொல்கிறார்கள், 800 என்றும் சொல்கிறார்கள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூலை 13

இன்று மழை, நாலே பேர். நல்ல வகுப்பு.

புரட்சி அடங்கியதும் காரணத்துக்கான சண்டை ஆரம்பித்தது. விசாரணைக் குழு இரண்டு காரணம் சொன்னது: உடை மாற்றம், கோட்டையில் திப்பு குடும்பம் இருந்தது. உத்தரவு போட்ட பக்கத்துக்கு இரண்டாவது காரணம் வசதி, சதி என்று சொல்லிவிட்டால் தலைப்பாகை தப்பித்துவிடும். லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள் உடைதான் முதன்மைக் காரணம் என்று முடிவுகட்டி, கிரடாக்கையும் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மிஷனரிகளைப் பிடிக்காதவர்கள் இதற்கும் மிஷனரிகளே காரணம் என்று துண்டு நூல்கள் எழுதினார்கள். வேலூர்ப் பக்கம் அப்போது மிஷனரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் அது யாருக்குக் கவலை? திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். தலைப்பாகை உத்தரவும் ரத்தானது.

எந்தக் காரணத்தைப் படித்தாலும், அது உண்மையானால் யாருடைய வேலை போகும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

முதல் நாள் கேட்ட பெண் கைடைப் புரட்டிக்கொண்டே, "சார், சதி ஒழிச்ச பெண்டிங்க் இவர்தானா?" என்றாள். அவள் கேட்டது உடன்கட்டை ஏறும் சதியை. அதே ஆள்தான். 1828இல் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்தார். சதியைத் தடை செய்யும் முன், படை அதிகாரிகளுக்கு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பிச் சிப்பாய்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.