ஆரி ஊசியைத் தொழிலாக்கிய பிறகு

ஆரி என்னும் பூத்தையல் வேலைப்பாட்டில் துணியை மரச்சட்டத்தில் முரசுத் தோல்போல் இறுக்கிக் கட்டி, நுனியில் கொக்கியுள்ள ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலைக் கண்ணி கண்ணியாக மேலே இழுக்க வேண்டும் என்பதால், கீழ்க்கை செய்வதைக் கண் பார்ப்பதில்லை, விரல்தான் பார்க்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். (ஜர்தோசி என்னும் உலோகக் கம்பிச் சுருளைப் பொடிப்பொடியாக நறுக்குவது மட்டும் இன்றும் அலுப்புத்தான்.)

இதைத் தொழிலாக்குவதற்குக் கடை தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தையல் போன்ற சிறுதொழிலை, வெளியாரை வேலைக்கு அமர்த்தாமலும் விளம்பரப் பலகை மாட்டாமலும், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவின்றி நடத்தலாம். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிற்குச் சந்தா செலுத்த வேண்டும்.

ரவிக்கையைத் தைத்தபின் ஆரி போடுவது கடினம். ஆகவே, அளவு குறித்த வெட்டாத துணியையே வாங்கிக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் அதைத் தேக்கா நிலையம் என்னும் சந்தைக் கட்டடத்தின் மேல்தளத்துத் தையற்கடைகளில் கொடுத்துத் தைத்துக்கொள்கிறார். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் கேட்பவர் அனைவருக்கும் சம்மதித்தால் கைவேலை வெறும் கூலிவேலையாகிவிடும் என்பதால் பலரை மறுக்கிறேன். மணிகளை எண்ணிக் கட்டணம் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். செலவாகும் நேரத்தைக் கணக்கிட்டே விலை கூறுகிறேன், பேரம் பேசுவோர் குறைந்துவிட்டனர்.