ராப் குழுவின் கதை திரைக்கு வரும்போது: ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ கிளப்பிய ஆவலும் அடுத்த வாரத்துக் கேள்விகளும்

ஒரு ராப் குழுவைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் முதலில் கேட்பது பாட்டைப் பற்றித்தான். அந்தப் பாட்டெல்லாம் படத்தில் வருமா? இதற்கான பதில் தயாரிப்பாளர்கள் பட்டியலில் இருக்கிறது. படம் வெளியான இரண்டாவது வாரத்தில் யார் மனம் புண்பட்டுப் பேசப்போகிறார்கள் என்பதற்கான பதிலும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரத்துக் கறுப்பின ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் கதையைச் சொல்லி, 2015 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ படத்தை வைத்து இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

பாட்டு உரிமையிலிருந்து தொடங்குவோம். படத்தில் ஒரு பாட்டைப் பயன்படுத்த இரண்டு அனுமதிகள் வேண்டும். வரிகளையும் இசையையும் எழுதியவர்களின் பதிப்புரிமை ஒன்று. நாம் கேட்டுப் பழகிய அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. ராப் என்றால் மூன்றாவதாக ஒரு சிக்கல் சேர்கிறது, அதுதான் சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து எடுத்து ஒட்டும் துண்டு. ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டின் அடியில் ஓடும் டிரம்ஸ், த வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் 1969ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து வெட்டியெடுத்த சில விநாடித் துண்டு. அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுக்கக் கூடாது என்று ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் கறாராகச் சொன்னது 1991 டிசம்பரில். அதே பெயரில் 1988இல் வந்த குழுவின் ஆல்பம் அதற்கு முந்தைய காலத்தின் பிள்ளை. இப்படிப்பட்ட பாட்டுகளைப் படத்தில் வைக்க வேண்டுமானால், உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களையே படத்துக்குள் கொண்டுவருவதுதான் நடைமுறை வழி. அந்த அனுமதி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றிய 2013ஆம் ஆண்டுப் படம் சான்று. அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லாமலே அவருடைய கதையை அதில் சொல்ல வேண்டியிருந்தது.

எனவே என்.டபிள்யூ.ஏ. படத்தின் தயாரிப்பாளர்களாக குழுவின் உறுப்பினர்கள் ஐஸ் கியூப், டாக்டர் டிரே, இன்னொரு உறுப்பினரான மறைந்த ஈஸி-ஈயின் மனைவியும் அவருடைய இசை நிறுவனமான ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸின் பொறுப்பாளருமான டொமிகா உட்ஸ்-ரைட் ஆகிய மூவரும் வந்தார்கள். இயக்குநர் எஃப். கேரி கிரேயும் தயாரிப்பில் ஒருவர். ஐஸ் கியூபின் ‘இட் வாஸ் எ குட் டே’ வீடியோவையும் 1995இல் வந்த ‘ஃப்ரைடே’ படத்தையும் இயக்கியவர் அவர். பாட்டு வருமா என்ற கவலை அங்கேயே தீர்ந்தது. கூடவே, ஐந்து பேர் கதையில் மூன்று பேர் பார்வைதான் மேலோங்கும் என்பதும் தீர்மானமாகிவிட்டது. டிரெய்லர்களிலும் விளம்பரங்களிலும் தன்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று குழுவின் மற்றொரு உறுப்பினரான எம்.சி. ரென் வெளிப்படையாகவே பொருமினார். ஆல்பத்தில் ரென்னின் குரலும் பேனாவும் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று கேட்டவர்களுக்குத் தெரியும். திரையில் ரென்னாக நடித்த ஆல்டிஸ் ஹாட்ஜுக்குக் கிடைத்த வசனத்தை அதோடு ஒப்பிட்டால் அந்தப் பொருமல் நியாயமானது என்றே சொல்வேன்.

அடுத்த பயம் முகமும் குரலும். மற்ற வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் நடிகர் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தால் மன்னித்துவிடுவார்கள். ராப்பில் அது நடக்காது. ஒரு ராப்பரின் அடையாளம் அவர் மூச்சு விடும் இடத்தில் இருக்கிறது. வரியை எங்கே வெட்டுகிறார், எந்தச் சொல்லைத் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் போடுகிறார் என்பதில் இருக்கிறது. ஐஸ் கியூபின் வேடத்துக்கு அவர் மகன் ஓ’ஷே ஜாக்சன் ஜூனியர் என்றதும் “அப்பா செல்வாக்கு” என்று பேசியவர்கள் உண்டு. அவர் இரண்டு ஆண்டுகள் நடிப்புத் தேர்வில் அலைந்துதான் அந்த வேடத்தைப் பெற்றார். ஈஸி-ஈயாக ஜேசன் மிட்செல், டிரேயாக கோரி ஹாக்கின்ஸ், டிஜே யெல்லாவாக நீல் பிரவுன் ஜூனியர். நடிகர்கள் தயாரிப்பின்போது அந்த ஆல்பத்தையே தங்கள் குரலில் மறுபடி பதிவு செய்தார்கள். வெறுமனே உதடசைத்தால் தொண்டை நரம்பும் மார்பும் பொய் சொல்லிவிடும். ஒரு முறையாவது முழுப் பாட்டையும் மூச்சோடு பாடியவருக்கு எங்கே களைக்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். மேடைக் காட்சிகளில் அந்த உழைப்பு தெரிகிறது.

பிப்ரவரியில் வந்த டிரெய்லரில் டிரேயும் கியூபும் நேரில் வந்து பேசினார்கள். ‘நாங்கள் இருக்கிறோம், இது எங்கள் கதை’ என்ற உத்தரவாதம் ரசிகருக்கு அங்கேயே கிடைத்தது. ஆனாலும் ஆவலை ஊதிப் பெருக்கியது ஆகஸ்டில் டிரே தொடங்கிய பீட்ஸ் ஹெட்போன் நிறுவனம் திறந்துவிட்ட ஒரு சின்ன இணையக் கருவிதான். கறுப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து, ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா’ (நேரே அங்கிருந்து) என்ற இரண்டு சொல், அதன் கீழே ஒரு வெற்றிடம். உங்கள் படத்தைப் போட்டு, அந்த இடத்தில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளலாம். இது ஏன் பிடித்துக்கொண்டது? அந்தத் தலைப்பு 1988இலேயே ஒரு ஊர்ப் பெருமை முழக்கம். நியூயார்க்தான் ராப்பின் தலைநகரம் என்று இருந்த காலத்தில், யாரும் கண்டுகொள்ளாத ஓர் ஊரின் பெயரை ஆல்பத்தின் நெற்றியில் எழுதினார்கள். அவரவர் ஊரை எழுதச் சொன்னதும் பாட்டைக் கேட்டே இராதவர்களும் அந்த முழக்கத்துக்குள் வந்துவிட்டார்கள். ஈரான் அணு ஒப்பந்தத்தைப் பற்றி வெள்ளை மாளிகையே அதே அச்சில் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா யுரேனியம்’ என்று ஒரு பதிவு போட்டது.

ஆவலோடு அச்சமும் இருந்தது. 2015 ஜூலையில் லூசியானாவின் லஃபாயெட் நகரத் திரையரங்கில் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனம் கூடுதல் காவல் வேண்டும் என்று கேட்கும் அரங்குகளுக்குச் செலவைத் தருவதாகச் சொன்னது. முதல் வார இறுதி அமைதியாகவே கடந்தது. கூட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சந்தேகப்பட்டது, இந்தக் குழுவின் பாட்டுகளை எஃப்.பி.ஐ. 1989இல் கடிதம் எழுதிக் கண்டித்த அதே மனநிலையின் தொடர்ச்சி என்று ரசிகர்கள் வருந்தியதில் தவறில்லை.

வசூலை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். முதல் வார இறுதி வசூல் எதிர்பார்ப்பை அளக்கிறது. அதற்குப் பிந்தைய ஓட்டம்தான் பார்த்தவர்கள் பேசியதை அளக்கிறது. அமெரிக்க மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்துப் பாருங்கள். ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ 60.2 மில்லியன் டாலரில் தொடங்கி 161.2 மில்லியனில் முடிந்தது, ஏறத்தாழ 2.7 மடங்கு. மூன்று வார இறுதிகள் முதலிடம். ராப்பர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. பற்றிய 2009ஆம் ஆண்டுப் படம் 20.5இல் தொடங்கி 36.8இல் நின்றது, 1.8 மடங்கு. ராப்பர் டூபாக் பற்றிய 2017ஆம் ஆண்டுப் படம் 26.4இலிருந்து 44.9 வரை, 1.7 மடங்கு. அந்த இரண்டுக்கும் ரசிகர்கள் முதல் மூன்று நாளில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டாரை அழைத்து வரவில்லை. தனி ஆளின் கதையில் முடிவு எல்லோருக்கும் தெரிந்த மரணம், எல்லாக் காட்சியும் அதை நோக்கியே நகரும். குழுவின் கதையில் நட்பு, பணத் தகராறு, பிரிவு, சமாதானம் என்று பல நூல்கள் ஓடுவதால், ராப் கேட்காதவரும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. உலக மொத்தம் சுமார் 201 மில்லியன். அதாவது ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலேயே வந்தது.

அரங்கில் கூட்டம் எதற்கு ஆர்ப்பரித்தது? எனக்குத் தெரிந்து படத்தின் சிறந்த காட்சி ஈஸி-ஈயின் ‘பாய்ஸ் இன் த ஹூட்’ பாட்டின் ஒலிப்பதிவுதான். வரிகளை எழுதியது ஐஸ் கியூப். பாட வேண்டிய நியூயார்க் குழு அது தங்களுக்கு ஒத்துவராது என்று விலகிவிட, பணம் போட்ட ஈஸி-ஈயையே மைக் முன்னால் நிறுத்துகிறார் டிரே. ஈஸிக்குத் தாளத்தில் நிற்கத் தெரியாது. ஒரு வரி, நிறுத்து. இன்னொரு தடவை, நிறுத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பிறகு ஒரு வரி சரியாக விழுகிறது, அறையே எழுந்து நிற்கிறது. 1987இல் அந்தப் பாட்டு இப்படி வரிவரியாகத் தேற்றித்தான் பதிவானது. மூலப் பதிவில் ஈஸி ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் கல்லாக எடுத்து வைப்பதுபோல் பாடுவதன் காரணத்தைக் காட்சி விளக்கிவிடுகிறது. தெரிந்த பாட்டு எப்படி உண்டானது என்று கண்முன் நடக்கும்போது ரசிகருக்கும் புதியவருக்கும் ஒரே நேரத்தில் புல்லரிக்கிறது.

டோரன்ஸ் ஸ்டுடியோ வாசலில் போலீஸ் அவர்களைத் தரையில் கிடத்தும் காட்சி இன்னொரு வகை. உடனே ‘ஃபக் த போலீஸ்’ பிறப்பதாகப் படம் கோக்கிறது. ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 1989 டெட்ராய்ட் மேடைக் காட்சி அதே உணர்வின் உச்சம். ஆனால் இங்கே படம் வரலாற்றை வளைக்கிறது. நிஜத்தில் பாட்டைத் தொடங்கியதும் போலீஸ் மேடையை நோக்கிப் பாய்ந்தது, குழு ஓடியது, பிறகு ஓட்டலில் பிடித்து விசாரித்துவிட்டு விட்டார்கள். திரையில் காண்பதுபோல் அரங்க வாசலிலேயே கைதும் கலவரமும் நடக்கவில்லை. இதுபோன்ற மாற்றத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதையின் திசை மாறவில்லை, ஒலி மட்டும் கூட்டப்பட்டிருக்கிறது.

ஆளையே நீக்குவது அப்படியல்ல. ஓட்டல் அறைக் காட்சியில் ஒரு பெண்ணை ஆடையின்றி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ‘பை ஃபெலிஷா’ (போய் வா, ஃபெலிஷா) என்கிறார்கள். ‘ஃப்ரைடே’ படத்து வசனம் அது என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பலருக்கு நெருடியது. படம் வெளியான அடுத்த வாரம் டீ பார்ன்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. ‘பம்ப் இட் அப்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளரான அவரை 1991 ஜனவரியில் டிரே தாக்கினார். வழக்கில் அபராதமும் சமூக சேவையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. அது படத்தில் இல்லை. அந்தத் தாக்குதலுக்குக் காரணமான நிகழ்ச்சிப் பகுதிக்குக் கேமரா பிடித்தவர் யார் தெரியுமா? இதே எஃப். கேரி கிரே. டிரேயின் முன்னாள் துணைவியும் ரூத்லெஸ் பாடகியுமான மிஷெலேவும் கதையில் இல்லை. அந்த மாதமே நியூயார்க் டைம்ஸ் வழியாக, தான் காயப்படுத்திய பெண்களிடம் டிரே மன்னிப்புக் கேட்டார். மிஷெலேயின் தரப்பு 2016இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. முன்னாள் மேலாளர் ஜெர்ரி ஹெல்லர் தன்னை வில்லனாக்கிவிட்டதாக 110 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

முதல் நாள் அரங்க வாசலில் பார்வையாளரிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் இந்தப் படத்துக்கு ‘ஏ’ தந்தது. அந்த அட்டையை நிரப்பியவர்கள் ஆசையோடு ஓடிவந்தவர்கள். டீ பார்ன்ஸின் கட்டுரை அப்போது வந்திருக்கவே இல்லை. அதனால் இத்தகைய படத்துக்கு முதல் நாள் கருத்தை மட்டும் நம்பாதீர்கள், பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். 2016 ஜனவரி ஆஸ்கர் பட்டியலிலும் இதேபோல் ஓர் இடறல். ஒரே ஒரு பரிந்துரை, அசல் திரைக்கதைக்கு. பரிந்துரை பெற்ற நால்வரும் வெள்ளையர்கள்.

2024 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட ‘நீகேப்’ வேறு வழியில் போனது. பெல்ஃபாஸ்டின் ஐரிஷ் மொழி ராப் குழுவின் மூவரும் தங்கள் வேடத்தைத் தாங்களே ஏற்றார்கள். ‘குரல் ஒத்திருக்கிறதா’ என்ற கேள்வியே எழவில்லை. இன்னும் இளமையாக இருக்கும் குழுவுக்குத்தான் இது வாய்க்கும்.

இனிமேல் என்.டபிள்யூ.ஏ. படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அரங்கில் வந்தது 147 நிமிடம். இயக்குநர் பதிப்பு 167 நிமிடம். சாதாரண சப்டைட்டில் பாட்டு வரிகளை விட்டுவிடலாம், காது கேளாதோருக்கான எழுத்துகள் இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு முன்பு ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளை மட்டும் கேளுங்கள், குரல்களைப் பிரித்தறியப் பழகிவிடும். 1989இல் 37ஆம் இடத்தைத் தாண்டாத அந்த ஆல்பம், படம் வந்தபின் முதன்முறையாக பில்போர்டு ஆல்பத் தரவரிசையின் முதல் பத்துக்குள் நுழைந்தது. படம் முடிந்ததும் ஜே.ஜே. ஃபேட் என்ற மூன்று பெண்கள் குழுவின் ‘சூப்பர்சானிக்’ கேளுங்கள். ரூத்லெஸ் நிறுவனத்தின் ஆரம்ப கால வெற்றிகளில் ஒன்று அது. ராப்புக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1989இல் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. அந்தப் பாட்டின் தயாரிப்பில் கைகொடுத்த, குழுவின் தொடக்க கால உறுப்பினரான அரேபியன் பிரின்ஸ், என்.டபிள்யூ.ஏ. ஆல்பத்தின் அட்டையில் மற்றவர்களோடு குனிந்து நம்மைப் பார்க்கிறார். படத்தின் கதையில் அவரைத் தேடாதீர்கள், அவருக்கு அங்கே இடமில்லை.