பொருளாதார மந்தநிலையில் முதலில் நின்றுபோவது எது?

பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் எங்கள் தமிழ் நண்பர் வட்டத்தில் பனிச்சறுக்கு பழகியவர்கள் சிலர் உண்டு. இந்த ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போய், ஆட்குறைப்புப் பேச்சும் கிளம்பியதும், யாரும் சொல்லாமலே முதலில் கைவிடப்பட்டது காஷ்மீரின் சறுக்குத் தலமான குல்மார்க்குக்குப் போகும் பயணம்தான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுத, எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இப்படி ஆயிரக்கணக்கானோர் முடிவெடுத்தால் அந்த மலைகளில் பாடு யாருக்கு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அமெரிக்காவின் அனுபவம் எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கிறது. 2007-08 பருவத்தில் அங்குள்ள சறுக்குத் தலங்களுக்கு ஏறத்தாழ 6.05 கோடி வருகைகள் பதிவாயின. வங்கிகள் சரிந்த 2008-09இல் அது 5.74 கோடியாகக் குறைந்தது. 2010-11இலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் பனி சரியாகப் பெய்யாத 2011-12இல் வருகை 5.1 கோடிக்கு விழுந்தது. பணத்தட்டுப்பாட்டைவிடப் பனித்தட்டுப்பாடே பெரிய அடி கொடுத்திருக்கிறது. மலைக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் வேலை ஆட்டம் கண்டாலும் வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்; விமானம் ஏறி வந்து, விடுதியில் தங்கி, பயிற்சிக்கும் உணவுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்தான் வராமல் போவார்கள். அதனால் தலைக்கணக்கு ஓரளவு தேறினாலும் கல்லாப்பெட்டி தேறாது. சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றும் லிஃப்ட், செயற்கைப் பனி தூவும் இயந்திரம், இரவில் சரிவைச் சீராக்கும் வண்டி, மீட்புக் குழு ஆகியவற்றுக்கான செலவோ, நூறு பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் அதிகம் மாறுவதில்லை.

உண்மையில் கவிழ்ந்தவை, கடன் வாங்கி மலையடிவாரத்தில் வீடு கட்டி விற்றுவந்த தலங்கள். மொன்டானாவின் யெல்லோஸ்டோன் கிளப் 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. ஐடஹோவின் டாமராக் 2009இல் லிஃப்டுகளை நிறுத்தியது. அங்கே வீடு வாங்கியவர்களே முன்னின்று 2010 இறுதியில் அவற்றை மீண்டும் ஓட்டினார்கள். கனடாவின் விஸ்லர் சறுக்குத் தலத்தை வைத்திருந்த இன்ட்ராவெஸ்ட் நிறுவனம், 2010 வான்கூவர் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியில் சிக்கியது.

அதே 2008இல், சறுக்குத் தலங்களை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வெயில் ரிசார்ட்ஸ் (Vail Resorts) 579 டாலருக்கு 'எபிக் பாஸ்' என்ற பருவச் சீட்டை அறிமுகப்படுத்தியது. பனி விழுவதற்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடுவதால், மந்தநிலையையும் வறண்ட குளிர்காலத்தையும் நிறுவனம் ஒரே ஏற்பாட்டில் சமாளிக்க முடிந்தது. வணிகத் திறமையாக இதை மதிக்கிறேன்; ஆனாலும், பனி பொய்த்தால் வரும் நட்டத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. மேலும், அந்நிறுவனத்தின் வெயில் (Vail) மலையில் உச்ச நாள்களின் ஒருநாள் சீட்டு இன்று 300 டாலரைத் தாண்டி நிற்பதால், முதன்முறையாக முயன்று பார்க்க நினைக்கும் நடுத்தரக் குடும்பம் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கிறது.

குல்மார்க்கின் நிலைமை முற்றிலும் வேறு. 1998இல் முதல் கட்டமும் 2005இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்துக்குச் செல்லும் அங்குள்ள கொண்டோலா (கம்பிவட ஊர்தி) அரசு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதில் ஏறுவோரில் பெரும்பாலோர் பனியைப் பார்க்க வருகிறவர்களே; கோடையிலும் அது ஓடுகிறது. ஆகவே மந்தநிலை வந்தாலும் அது நின்றுவிடாது. நின்றுபோவது, சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பயிற்றுநர், ஸ்கீ வாடகைக்கு விடுபவர், பனிவண்டி இழுப்பவர் ஆகியோரின் வருமானம். மாதச் சம்பளமோ ஈட்டுத்தொகையோ இல்லாத அவர்களில் பலருக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை கையில் சேருவதுதான் ஆண்டு முழுவதற்குமான ரொக்கம். 2024 ஜனவரியில் பனியே இல்லாமல் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தபோது, செலவழிக்க வசதி இருந்தவர்களும் வரவில்லை. பருவம் தவறுவதும் பணம் முடங்குவதும் அடுத்தடுத்து வந்தால், எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத நட்டம் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் எழுதி நண்பர் குழுவில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பயணத்தை ரத்து செய்வதற்குப் பதில் நாள்களைக் குறைத்துக்கொள்ளலாம். குல்மார்க் விடுதியை விட்டு, 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் எளிய அறை எடுக்கலாம். பயிற்றுநரின் கூலியில் மட்டும் கை வைக்க வேண்டாம். இருவர் சம்மதித்திருக்கிறார்கள், மற்றவர்கள் மார்ச் மாத ஊதிய அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.