தாரிஃபாவிலிருந்து தாஞ்சியருக்கு: நான்கு மொழியில் வரவேற்பு

ஸ்பெயின் பெருநிலத்தின் தென்கோடி ஊரான தாரிஃபாவில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்துக்குக் கப்பல் ஏறுமுன் காற்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து ‘லெவாந்தே’ பலமாக வீசினால் கப்பல் கிளம்பாது. பட்டத்தின் இழுப்பில் அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் பிரியர்கள் இந்த ஊரில் குவிவதும் காற்றுக்காகத்தான். நாங்கள் போன அன்று கடல் அமைதி. எதிரே ஆப்பிரிக்காவின் ஜெபல் மூசா மலை பளிச்சென்று தெரிந்தது. நடுவில் கிடக்கும் ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் 14 கிலோமீட்டர்தான்.

கப்பல் நகர்ந்ததும் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. “பியென்வெனீதோஸ் ஆ போர்தோ” என்று ஸ்பானிஷில் தொடங்கி, “பியான்வெனு ஆ போர்” என்று பிரெஞ்சுக்குத் தாவி, “மர்ஹபன் பிகும்” என்று அரபியில் வரவேற்றது. ஆங்கிலத்தின் முறை வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எங்கே என்று பார்த்தால், கப்பலுக்குள்ளேயே மொராக்கோ போலீஸ் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறது! வரவேற்புக்கு அடுத்த அறிவிப்பே அதுதான். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வரிசையின் வாலில் மாட்டினால் கடலைப் பார்த்த மாதிரிதான். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் “பாசபோர்த்தே” என்று காதில் விழுந்தால் எழுந்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மொராக்கோ விசா தனி. ஸ்பெயினுக்குள் நுழைய வாங்கும் ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருமுறை விசா என்றால் ஸ்பெயினுக்குத் திரும்ப வழியில்லை. அப்புறம், பக்கத்து அல்ஹெசிராஸிலிருந்து போகும் கப்பல்கள் தாஞ்சியர் மெத் துறைமுகத்துக்குப் போகின்றன. அங்கிருந்து நகரம் சுமார் 40 கிலோமீட்டர். தாரிஃபா கப்பலோ நகரத்திலேயே இறக்கிவிடும், மதீனா எனப்படும் பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம்.

அந்தச் சந்துகளில் ஒலிபெருக்கி வேலையைக் கடைக்காரர்களே செய்கிறார்கள். வடக்கு மொராக்கோ 1912 முதல் 1956 வரை ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது, தெற்கே பிரான்ஸ். இதில் தாஞ்சியர் மட்டும் பல நாடுகள் சேர்ந்து நிர்வகித்த தனி மண்டலம். அதனால் ஆளைப் பார்த்ததுமே ஸ்பானிஷ் “ஓலா”வா பிரெஞ்சு “போன்ஜூர்”ஆ என்று கணக்குப் போட்டு அழைக்கிறார்கள். எங்களைப் பார்த்த தோல் செருப்புக் கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: “இந்தியா? ஷாருக் கான்!” நான் பதிலுக்கு ரஜினி என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் 20 திர்ஹாம் குறைத்தார்.